சட்டமன்றத்தை மடியில் உட்கார வைத்த மனிதர்: அமெரிக்க மாநில லாபியிஸ்ட்களின் வேலை எப்படிப்பட்டது?

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம்]

1949-ஆம் ஆண்டு கோலியர்ஸ் என்ற அமெரிக்க வார இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. முந்நூறு பவுண்டுக்கு மேல் எடை கொண்ட ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மடியில், குரல் மாற்றிப் பேசிக் காட்டும் கலைஞர்கள் வைத்திருப்பதைப் போன்ற ஒரு பொம்மை இருக்கிறது. அந்தப் பொம்மைதான் கலிபோர்னியாவின் சட்டமன்றம் என்று அவர் சிரித்துக்கொண்டே அறிமுகப்படுத்தினார். அவர் அமைச்சரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. அவர் பெயர் ஆர்ட்டி சாமிஷ். பீர் உற்பத்தியாளர்கள் உள்ளிட்ட பல தொழில்களுக்காகச் சட்டமன்றத்தில் காரியம் சாதித்துக் கொடுத்தவர். அவருடைய வாடிக்கையாளர்கள் சம்பந்தப்பட்ட விஷயங்களில் ஆளுநரைவிட அவருக்கே அதிகாரம் அதிகம் என்று அன்றைய ஆளுநர் எர்ல் வாரனே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தப் படம் ஏற்படுத்திய கொதிப்புக்குப் பிறகு சாமிஷின் நாட்கள் எண்ணப்பட்டன. 1953-இல் வருமான வரி ஏய்ப்பு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறைக்குப் போனார்.

வணக்கம், நண்பர்களே. லாபியிஸ்ட் என்பதைத் தரகர் என்று தமிழில் சொன்னால் பாதிப் பொருள் தப்பிவிடும். ஒரு நிறுவனத்துக்காகவோ, தொழிற்சங்கத்துக்காகவோ, மருத்துவமனைகளின் கூட்டமைப்புக்காகவோ சட்டமன்றத்தில் வாதாடுவதைச் சம்பளத்துக்குச் செய்பவரே லாபியிஸ்ட். வாஷிங்டனைப் பற்றி எல்லோரும் வீடியோ போட்டுவிட்டார்கள் என்பதால், நாம் கலிபோர்னியா மாநிலத்தின் தலைநகரான சாக்ரமெண்டோவுக்குப் போவோம்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். 1974-இல் கலிபோர்னிய மக்கள் வாக்களித்து ஓர் அரசியல் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதன்படி ஒரு லாபியிஸ்ட் ஓர் உறுப்பினருக்கு மாதத்துக்குப் பத்து டாலருக்கு மேல் பரிசோ விருந்தோ கொடுக்கக் கூடாது. அந்தச் சட்டத்துக்காகப் பிரசாரம் செய்து, அதே ஆண்டு ஆளுநராகவும் தேர்வான ஜெர்ரி பிரவுன், அந்தத் தொகைக்கு இரண்டு ஹாம்பர்கரும் ஒரு கோக்கும் வாங்கலாம் என்று கணக்குச் சொன்னார். விலைவாசி எங்கேயோ போய்விட்டது. வரம்பு மட்டும் இன்றும் அதே பத்து டாலர்தான். இப்போது அந்தப் பணத்தில் ஒரு பர்கரோடு எழுந்துவிட வேண்டியதுதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கதைக்கு வருகிறேன்; இதில் சற்று நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாக்ரமெண்டோவில் சட்டமன்றக் கட்டடத்துக்கு அருகே பிராங்க் ஃபேட்ஸ் என்ற சீன உணவகம் 1939 முதல் இருக்கிறது. 1987 செப்டம்பரில், கூட்டத்தொடர் முடியப் போகும் நேரத்தில், ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்த காப்பீட்டு நிறுவனங்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், உற்பத்தியாளர்கள் ஆகியோரின் லாபியிஸ்ட்கள் அந்த உணவகத்தில் கூடினார்கள். நஷ்டஈட்டு வழக்குகள் குறித்து யார் எதை விட்டுக்கொடுப்பது என்று பேரம் முடிந்ததும், மாநில மேலவை உறுப்பினரான செனட்டர் பில் லாக்கியர் அந்த உடன்பாட்டைக் கைதுடைக்கும் நாப்கின் ஒன்றில் எழுதினார். சில நாட்களிலேயே அது சட்டமாகிவிட்டது.

அந்தச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. ஆபத்தானது என்று சாதாரண மனிதருக்கே தெரிந்த பொருளை விற்றதற்காக உற்பத்தியாளர்மீது வழக்குப் போட முடியாது என்று சொல்லி, அதற்கு எடுத்துக்காட்டாகச் சர்க்கரை, விளக்கெண்ணெய், மது, புகையிலை, வெண்ணெய் ஆகிய ஐந்தையும் அது அடுக்கியது. ஆமாம், நம் பாட்டி மூக்கைப் பிடித்துக் குடிக்கவைத்த அதே விளக்கெண்ணெய்தான். நான்கு அப்பாவிகளுக்கு நடுவே யார் ஒளிந்திருக்கிறார் என்று பாருங்கள். (மதுவை அப்பாவி என்றது சரியா என்பதைக் கமெண்டில் சண்டை போட்டு முடிவு செய்யுங்கள்.) புகையிலை நிறுவனங்களுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு 1998-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் நீங்கியது, நாப்கினில் எழுதிய உடன்பாடு அவர்களைப் பத்தாண்டுகள் காப்பாற்றிவிட்டது.

இப்படி ஒரே இரவில் முடிப்பது இன்று கடினம். 2016-இல் மக்கள் வாக்களித்து ஏற்ற ஒரு விதிப்படி, மசோதாவின் இறுதி வடிவம் வாக்கெடுப்புக்கு 72 மணி நேரம் முன்பே இணையத்தில் இருக்க வேண்டும்.

சரி, இந்த வேலைக்கு யார் வருகிறார்கள்? பெரும்பாலும் உறுப்பினர்களின் அலுவலகத்திலோ சட்டமன்றக் குழுக்களிலோ ஊழியர்களாக இருந்து, மசோதாவின் உட்பிரிவுகளை வரிவரியாகப் படித்துப் பழகியவர்களே வருகிறார்கள். சிலர் ஒரே அமைப்பிடம் மாதச் சம்பளத்துக்கு இருப்பார்கள். சிலர் தனி நிறுவனம் வைத்துப் பல வாடிக்கையாளர்களிடம் மாதக் கட்டணம் வாங்குவார்கள். மசோதா வென்றால்தான் கூலி என்று பேசிக்கொள்வது கலிபோர்னியாவில் சட்டவிரோதம். பதவி விட்ட உறுப்பினர்களும் வரலாம், ஆனால் கலிபோர்னியாவில் ஓராண்டு காத்திருக்க வேண்டும். புளோரிடாவில் அதுவே ஆறாண்டு.

அன்றாட வேலையில் கவர்ச்சி என்று எதுவும் இல்லை. குழு விசாரணை நடக்கும்போது முதன்மைச் சாட்சிகள் பேசி முடித்ததும், மீதிப் பேர் ஒலிபெருக்கிக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். தன் பெயர், அமைப்பின் பெயர், ஆதரவா எதிர்ப்பா, இந்த மூன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். ஐந்து விநாடிப் பேச்சுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதிதான். ரேஷன் கடை வரிசை தெரிந்த நமக்கு இது பழகிய காட்சி, ஆனால் இங்கே எல்லோரும் கோட்டு போட்டிருப்பார்கள்.

அப்படியானால் பலம் எங்கிருந்து வருகிறது? என் கணிப்பில், நினைவிலிருந்து வருகிறது. 1990-இல் கலிபோர்னிய மக்கள் பதவிக்கால வரம்பு கொண்டுவந்து, கீழவை உறுப்பினருக்கு ஆறு ஆண்டு, செனட்டருக்கு எட்டு ஆண்டு என்று கட்டிவிட்டார்கள். 2012-இல் அது இரு அவைக்கும் சேர்த்துப் பன்னிரண்டு ஆண்டு என்று மாறியது. உறுப்பினர்கள் வந்து போய்க்கொண்டே இருக்க, இருபது ஆண்டுகளாக அதே நடைபாதையில் நிற்பவர் லாபியிஸ்ட் மட்டுமே. ஒரு மசோதாவில் வந்த திருத்தத்தை எட்டு வருடத்துக்கு முன்னால் யார் கொண்டுவந்தார், ஏன் தோற்றது என்பதைப் புதிய உறுப்பினருக்கு அவரால் சொல்ல முடியும். அதிகாரம் படைத்தவர்களைக் கட்டுப்படுத்தக் கொண்டுவந்த விதி அதிகாரத்தைப் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதனால்தான் நல்ல லாபியிஸ்ட் பொய் சொல்ல மாட்டார். ஒழுக்கத்தைவிடத் தொழில்தான் அதற்குக் காரணம். எதிர்த்தரப்பின் வாதத்தை மறைத்து ஓர் உறுப்பினரை அவையில் முட்டாளாக்கிவிட்டால், அந்த அலுவலகக் கதவு அடுத்த முறை திறக்காது. பக்கத்து அலுவலகத்துக்கும் செய்தி போய்விடும்.

இந்த வேலைக்குப் போக நினைப்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் லாபியிஸ்டாகப் பதிவு செய்பவர் நெறிமுறை வகுப்பில் உட்கார வேண்டும். பதிவுப் படிவத்தோடு சமீபத்தில் எடுத்த தன் புகைப்படத்தையும் அரசிடம் கொடுக்க வேண்டும். மடியில் எதையும் வைத்துக்கொள்ளாமல் எடுங்கள்.