ஔவை தூது போன கதை

வணக்கம். அடுப்படியில் கறிக்கு வெட்டிக்கொண்டும், வயலால் வந்து காலாறிக்கொண்டும் வானொலி கேட்கிற எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். "ஔவையார் எப்படி இருப்பா?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள்: நரைத்த தலை, கையில் தடி. அவர்கள் சொல்வது ஆத்திசூடி பாடிய ஔவையை; அவர் பல நூற்றாண்டு பிந்தியவர். நான் சொல்ல வருவது சங்ககாலத்து ஔவையை, அதியமானின் நண்பரை. இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள். இதை எங்கே போனாலும் சொல்வேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

தகடூரை ஆண்ட அதியமானுக்கும் தொண்டை நாட்டு அரசன் தொண்டைமானுக்கும் பகை. தூது போனவர் ஔவை. வந்தவரைத் தொண்டைமான் தன் ஆயுதசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறான். ஏன் காட்டுகிறான்? பார்த்துப் பயப்படட்டும் என்றுதானே! ஔவை சுற்றிப் பார்த்துவிட்டுப் பாடியது புறநானூற்றில் 95ஆம் பாட்டு. "இந்த வேல்கள் மயிற்பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மாளிகையில் இருக்கின்றன. எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி, நுனி சிதைந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன." இதுதான் பொருள். ஒரு வசைச்சொல் இல்லை. கேட்டால் புகழ்ச்சி மாதிரி இருக்கும்.

இதை வாசித்தபோது பெடியங்கள் சிலருக்கு விளங்கவில்லை. "உடைஞ்ச வேலை வச்சிருக்கிற அரசன் எப்பிடி ரீச்சர் பெரியாள்?" என்று கேட்டார்கள். பின்னால் இருந்த ஒரு பிள்ளை எழும்பினாள். தாய் தனியாக நின்று தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளை. "கொழுவி வச்ச கத்தி மழுங்காதெல்லோ ரீச்சர். அம்மான்ர காட்டுக்கத்திதான் ஒவ்வொரு மாரிக்கும் பட்டறைக்குப் போறது" என்றாள். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அதற்கு மேல் என்ன உரை வேண்டும்?

இதைத்தான் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்கிறேன். "வீரப்பெண்" என்று சொல்லிவிட்டு நிறுத்தாதீங்கோ. அவர் அதை எப்படிச் செய்தார் என்று சொல்லுங்கோ. எப்படி என்று தெரிந்தால்தான் பிள்ளை தானும் செய்து பார்க்கும். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போகிறோம், கடல்நீரில் விளக்கெரிவதைக் கும்பிடுகிறோம். அந்தக் கண்ணகி பாண்டியனிடம் வெறும் கண்ணீரோடு போகவில்லை. தன் சிலம்பில் மாணிக்கம், அரசியின் சிலம்பில் முத்து. அதை அவையிலேயே உடைத்துக் காட்டினார். ஆதாரத்தோடு போனவர் அவர். இதைச் சொல்லுங்கோ பிள்ளைகளுக்கு.

நேரம் போய்விட்டது, கண்ணாடிக்கு அங்கால் கைகாட்டுகிறார்கள். சிவகங்கை அரசி வேலு நாச்சியாரைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்து வந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 1772இல் காளையார்கோவிலில் கணவர் கொல்லப்பட்டார். சிவகங்கையை அவர் மீட்டது 1780இல். குதிரையும் வாளுமாக இருக்கிற படம்தான் பிள்ளைகள் கண்டது. இடையில் எட்டு வருடம் இருக்கிறது. ஊரை விட்டு வெளிக்கிட்டு, மகள் வெள்ளச்சியோடு திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சியில் அடுத்தவர் ஆதரவில் இருந்தார். மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் உதவி கேட்டார், படை சேர்த்தார். இடம்பெயர்ந்த தாயும் பிள்ளையும்! வன்னியில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

அந்த எட்டு வருடத்தை வாற சனிக்கிழமை பின்னேரம் வாசிக்கிறேன். பெடியங்களையும் சேர்த்து அனுப்புங்கோ. வணக்கம்.