பழத்தின் விலைக்குக் காய் வாங்கிவிட்டேன்

வணக்கம் மக்களே. இதோ என் கையில் இருப்பதுதான் புது கிராபிக்ஸ் கார்டு, கணினியில் படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் பாகம். நிறுவனத்தின் பெயர் இருக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன், கமெண்டில் துருவ வேண்டாம். பெயரைச் சொல்லிச் சண்டை போட இந்த வீடியோ இல்லை. 42,000 ரூபாய் கொடுத்துவிட்டு ஒன்றரை மாதமாக நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான்.

புதிதாக வந்தவர்களுக்கு: கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு வீடியோக்களை எடிட் செய்வதுதான் என் பிழைப்பு. பழைய கார்டு ஆறு வருடம் உழைத்தது. இப்போது எல்லோரும் 4கே கேட்கிறார்கள், அது மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை, சென்னையில் கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைத் தம்பி பெட்டியை எடுத்து வைத்து, "நேற்றுதான் ஸ்டாக் வந்தது அண்ணா, நீங்கதான் முதல் ஆள்" என்றார். அது எச்சரிக்கை என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பெருமையாக எடுத்துக்கொண்டேன். பில்லில் ஜிஎஸ்டி மட்டும் 6,400 ரூபாய்.

மூன்றாம் நாள் ராத்திரி. ஒரு காதுகுத்து வீடியோ, காலையில் கொடுக்க வேண்டும். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறது, ஆசாரி கம்பியை எடுக்கிறார், நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகிறது. சரியாக அந்த இடத்தில் திரை கறுத்துப்போனது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. இருட்டில் நாதஸ்வரம் வாசிக்கிறது, குழந்தை வீல் என்று அலறுகிறது, நான் மானிட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். சில நொடிகளில் படம் திரும்பி வந்தது, எடிட்டிங் மென்பொருள் வரவில்லை. கடைசியாகத் தானே சேமித்தது பதினொரு நிமிடத்துக்கு முன்னால். அந்தப் பதினொரு நிமிடத்தில் நான் செய்த கலர் வேலையை இன்றுவரை அதேபோலத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

விண்டோஸில் கோளாறுகளைக் குறித்து வைக்க ஈவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது, திறந்து பாருங்கள். அங்கே 4101 என்ற எண்ணில் ஒரு பதிவு இருந்தது: டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்வதை நிறுத்தியது, பிறகு வெற்றிகரமாக மீண்டது. வெற்றிகரமாக! டிரைவர் என்பது விண்டோஸ் சொல்வதைக் கார்டுக்குப் புரியவைத்து அதை ஓட்டும் மென்பொருள், கார்டுக்கான கம்பெனிதான் எழுதித் தரும். விண்டோஸ் கார்டுக்கு ஒரு வேலை கொடுக்கும். இரண்டு நொடிக்குள் அசைவு இல்லை என்றால் கார்டு தொங்கிவிட்டது என்று முடிவு செய்து, டிரைவரை அடித்து எழுப்பிவிடும். விஸ்டா என்ற பழைய விண்டோஸ் பதிப்பின் காலத்தில் வந்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான், இல்லையென்றால் கணினியே உறைந்து நிற்கும். ஆனால் எழுப்பிவிடும்போது, அந்த நேரத்தில் கார்டை நம்பி ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் பெரும்பாலும் கவிழ்ந்துவிடுகிறது.

முதல் வாரம் நான் டிரைவரைச் சந்தேகப்படவே இல்லை. கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பத்தவில்லையோ என்று புதிது வாங்கினேன், அது தனிச் செலவு. கேபிளை மாற்றினேன். ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மதர்போர்டு பயாஸையும் புதுப்பித்தேன். அப்போதும் நாளுக்கு இரண்டு முறை கறுப்பு. அப்புறம்தான் சேஃப் மோடில் போய்ப் பழைய டிரைவரின் மிச்சம் மீதியை எல்லாம் டிடியூ என்ற துடைப்பு மென்பொருளைக் கொண்டு துடைத்தெடுத்துவிட்டு, இணையத்தில் இருந்த புதிய பதிப்பைப் போட்டேன். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், ராத்திரியோடு ராத்திரியாக விண்டோஸ் அப்டேட் தன்னிடம் இருந்த பழைய பதிப்பை அதன் மேல் போட்டு வைத்திருக்கிறது. நான் கேட்டேனா?

இதை போனில் நண்பனிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்: "ஏன்டா, டிரைவர் சரியில்லை சரியில்லைங்கற, வேற ஆளை வெச்சுக்க வேண்டியதுதானே?" சிரித்துவிட்டேன். ஆனால் பிரச்சினையே அதுதான் அம்மா. இந்த வண்டியை அதே கம்பெனி அனுப்பும் ஆள் மட்டும்தான் ஓட்ட முடியும்.

ஒவ்வொரு பதிப்போடும் ஒரு குறிப்பு வெளியிடுவார்கள். சரிசெய்யப்பட்டவை ஒரு பட்டியல், தெரிந்தும் இன்னும் சரிசெய்யாதவை ஒரு பட்டியல். முன்பெல்லாம் நான் படிக்கவே மாட்டேன், இப்போது ராசிபலன் மாதிரி படிக்கிறேன். என் பிரச்சினை முதலில் இரண்டாம் பட்டியலில் இருந்தது. அடுத்த பதிப்பில் முதல் பட்டியலுக்கு ஏறியது, நானும் தெருமுனையில் டீ வாங்கிக் குடித்துக் கொண்டாடினேன். அதற்கடுத்த பதிப்பில் சத்தம் போடாமல் மறுபடி இரண்டாம் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, சர்வீஸ் சென்டருக்குப் போவோம் என்று போனேன். அவர்கள் தங்கள் மேசையில் வைத்து மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு முறைகூடக் கறுக்கவில்லை. மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி அவ்வளவு ஒழுக்கம்! "கார்டு நல்லா இருக்கு சார். இது டிரைவர் பிரச்சினை. அது வாரண்டியில் வராது." அப்படியானால் யார் பார்ப்பது? "ஆன்லைன் சப்போர்ட்டில் கேளுங்க." ஆன்லைனில் கேட்டால், வாங்கிய கடையில் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். கடையில் கேட்டால், ஏழு நாள் தாண்டிவிட்டது, கார்டு பழுது என்று சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்தால் மாற்றலாம் என்கிறார்கள். சர்வீஸ் சென்டரோ கார்டு நல்லா இருக்கு என்றுதான் எழுதும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். கடைத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், அவர் டீ வாங்கிக் கொடுத்துத்தான் கையை விரித்தார்.

இது என் தலையெழுத்து மட்டும் இல்லை. நான் வாங்கியது இப்போது சொல்லப்போகும் எதுவும் இல்லை, கதை ஒன்றுதான் என்பதற்காகச் சொல்கிறேன். 2022 அக்டோபரில் இன்டெல் தன் ஆர்க் ஏ770, ஏ750 கார்டுகளைக் கொண்டுவந்தது. ஏ770 கார்டின் விலை 329 டாலரில் தொடங்கியது, ஏ750 289 டாலர். சிப்பில் வலு இருந்தது. ஆனால் கேம்கள் கார்டோடு பேசும் மொழிக்கு டைரக்ட்எக்ஸ் என்று பேர். அதன் பழைய பதிப்பான டைரக்ட்எக்ஸ் 9இல் எழுதிய கேம்களை இந்தக் கார்டு நேரடியாகப் புரிந்துகொள்ளாது. இடையில் டைரக்ட்எக்ஸ் 12க்கு மாற்றித்தான் ஓட்டியது, அதில் வேகம் போனது. டிசம்பரில் டிரைவரை மாற்றினார்கள், அதே கார்டு அதே பழைய கேம்களில் பாய்ந்து ஓட ஆரம்பித்தது. 2023 பிப்ரவரியில் ஏ750 விலையையும் 249 டாலராகக் குறைத்தார்கள். இப்போது கணக்குப் போடுங்கள். அக்டோபரில் வரிசையில் நின்று வாங்கியவன் 40 டாலர் அதிகம் கொடுத்து, ஓடாத கார்டை வாங்கினான். நான்கு மாதம் சும்மா இருந்தவனுக்கு மலிவு விலையில் ஓடுகிற கார்டு. இன்டெல் சரிசெய்தது, பாராட்டுவேன். ஆனால் அந்த 40 டாலர் எந்தப் பரிசோதனைக்கான கட்டணம்?

என்விடியா, கிராபிக்ஸ் கார்டில் இத்தனை வருடம் பழம் தின்று கொட்டை போட்ட நிறுவனம். 2025 ஜனவரி 30 அன்று 5090, 5080 கார்டுகளை விற்பனைக்கு விட்டார்கள், உடனே திரை கறுத்துப்போகிறது என்று புகார்கள். ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்று சொல்லி அடுத்தடுத்துத் திருத்தப் பதிப்புகள் வெளியிட்டார்கள். விஸ்டா வந்த 2007இல் இன்னும் மோசம். அந்த வருடம் மைக்ரோசாஃப்ட் பதிவு செய்த விஸ்டா முடக்கங்களில் 28.8 விழுக்காடு என்விடியா டிரைவர்களால் என்று, பிறகு அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் ஆவணங்களில் வெளியானது.

டிரைவர் எழுதுபவர்கள் சோம்பேறிகள் என்று நான் சொல்லவில்லை. எத்தனை மதர்போர்டு, எத்தனை மானிட்டர், எத்தனை மென்பொருள். ஆனால் பெட்டி கடைக்கு வரும் தேதியை முடிவு செய்வது அவர்கள் இல்லை. முன்பு பெட்டிக்குள் ஒரு சிடி இருக்கும், அதில் இருப்பது ஓடியாக வேண்டும். இப்போது இணைய முகவரி அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டுதான். பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்ற வசதி வந்த பிறகு அவசரமும் சேர்ந்து வந்துவிட்டது. கம்பெனி ரசிகர்கள் கேட்டால், கார்டு ஒயின் மாதிரி நாள்பட நாள்பட நன்றாகும் என்கிறார்கள். எங்கள் ஊரில் இதற்கு வேறு பேர். பழத்தின் விலை கொடுத்து மாங்காயை வாங்கி வந்து, வைக்கோலில் பொதிந்து வைத்துத் தினமும் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காய் என்று சொல்லியே விற்றிருந்தால் காயின் விலைக்குச் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

இப்போதைக்கு, வாடிக்கையாளர் வேலை எல்லாம் பழைய கார்டில்தான். இந்த வீடியோவும் அதில்தான் எடிட் ஆகும். புது டிரைவர் வரும்போதெல்லாம் அதைக் கழற்றி இதை மாட்டி, மறுபடி இதைக் கழற்றி அதை மாட்டி, கேபினட்டில் இந்த ஸ்குரூவின் தலை தேய்ந்துவிட்டது பாருங்கள். கேமரா கிட்டே கொண்டுவருகிறேன். தெரிகிறதா? ஸ்குரூடிரைவர் பிடிப்பதே இல்லை.

இன்று காலையில் அடுத்த பதிப்பு வந்திருக்கிறது. குறிப்பைப் படித்தேன். என் பிரச்சினை சரிசெய்யப்பட்டவை பட்டியலில், நான்காவது வரியில். நம்பக் கூடாது என்று தெரியும். ஆனாலும் காலையிலேயே இறக்கி வைத்துவிட்டேன்.

சரி, கேமரா ஓடட்டும், மாட்டிவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். கட் பண்ணியதில் நாற்பது நிமிடம் போய்விட்டது, பாதி நேரம் அந்த ஸ்குரூவுக்கு. அதே காதுகுத்து கிளிப்பைப் போடுகிறேன். தாய்மாமன் உட்கார்ந்துவிட்டார்... ஆசாரி வருகிறார்... நாதஸ்வரம் ஏறுகிறது... இதோ, அழுகிறது. படம் தெரிகிறது மக்களே. முதல் தடவையாகக் குழந்தை அழுகிற முகத்தை இந்தக் கார்டில் பார்க்கிறேன்.

இருங்கள், கத்த வேண்டாம். லூப்பில் போட்டிருக்கிறேன், ராத்திரி முழுக்க ஓடட்டும். அம்மாவுக்குத்தான் தூக்கம் போகும்.