மொத்தம் 55, ஆனாலும் அரியர்: பருவத் தேர்வின் கணக்கு

[திரையில்: ஓரம் மடங்கிய விடைத்தாள் நகல். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 41.]

இது என்னுடைய விடைத்தாள். பொறியியல் முதல் பருவம், மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் பாடம். 100-க்கு 41.

அந்தப் பாடத்தில் என் இன்டர்னல், அதாவது கல்லூரி போடும் மதிப்பெண், 40-க்கு 31. பல்கலைக்கழகத் தேர்வில் வாங்கிய 41-ஐ 60-க்கு மாற்றினால் 24.6. இரண்டையும் கூட்டுங்கள்: 55.6. தேர்ச்சிக்கு மொத்தம் 50 இருந்தால் போதும். எனக்கோ அதற்கு மேலேயே இருந்தது. ஆனாலும் முடிவு வந்த அன்று அந்தப் பாடம் அரியர், அதாவது தேறாமல் மறுபடி எழுத வேண்டிய பாடம்.

வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. "ஐம்பதுக்கு மேல் வாங்கியிருக்கிறாய், பிறகு எப்படியடா பெயில்?" என்று அப்பா நான்கு முறை கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலை நான் தேர்வுக்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

[திரையில்: இரண்டு கட்டங்கள். ஒன்றில் 40, மற்றொன்றில் 60.]

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2021 விதிமுறையின்படி படிப்பவர்களுக்குக் கணக்கு இதுதான். எழுத்துத் தேர்வுப் பாடங்களில் இன்டர்னலுக்கு 40, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 60. இளநிலை மாணவர் தேற இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். ஒன்று, மொத்தம் 50. இன்னொன்று, பல்கலைக்கழகத் தேர்வில் மட்டும் தனியாக 45 விழுக்காடு. இந்த இரண்டாவது வாசலில்தான் நான் தலையை இடித்துக்கொண்டேன்.

60-இல் 45 விழுக்காடு என்றால் 27. மொத்தம் 50 ஆக மீதி 23 வேண்டும். அந்த 23 என்ற எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். இன்டர்னலில் 23 எடுத்திருந்தாலும் சரி, 39 எடுத்திருந்தாலும் சரி, தேர்வறையில் நீங்கள் எடுக்க வேண்டிய குறைந்தபட்சம் 100-க்கு 45. அதில் ஒரு மதிப்பெண்கூடக் குறையாது. கூடுதல் இன்டர்னல் கிரேடை உயர்த்தும். தேர்ச்சி வாசலைத் தாழ்த்தாது.

23-க்குக் கீழே போனால் கதை வேறு. இன்டர்னல் 20 என்றால் தேர்வில் 50 எடுக்க வேண்டும். 15 என்றால் 59. அதாவது இன்டர்னலில் தவறவிட்ட ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் தேர்வறையில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கட்ட வேண்டும். அநியாய வட்டி. ஆகவே இன்டர்னல் தேர்வை "சும்மா ஒரு டெஸ்ட்" என்று நினைக்கும் நண்பரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. தேர்வு நெருங்க நெருங்க அதைக் கல்லூரியே தினமும் சொல்லும்.

[திரையில்: கேள்வித்தாளின் எலும்புக்கூடு. ஐந்து பத்திகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு யூனிட் எண்.]

இனி கேள்வித்தாள். பெரும்பாலான பாடங்களில் இதைப் பார்க்காமலேயே இதன் உருவத்தை வரைந்துவிடலாம். பார்ட் ஏ: பத்துக் கேள்விகள், தலா 2 மதிப்பெண். பார்ட் பி: ஐந்து கேள்விகள், தலா 13, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. பார்ட் சி: ஒரே கேள்வி, 15; அதிலும் ஒரு 'அல்லது'. பாடத்திட்டத்தில் ஐந்து யூனிட். வழக்கமாக ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் இரண்டு டூ மார்க், ஒரு பதிமூன்று மார்க். ஆக ஒரு யூனிட்டின் விலை 17. பார்ட் சி எந்த யூனிட்டிலிருந்து வரும் என்பதைக் கேள்வித்தாளைப் பிரித்த பிறகுதான் பார்க்க முடியும்.

விடுதியில் எனக்கு மேல்வகுப்பு அண்ணன் ஒருவர் இருந்தார். "தம்பி, ஐந்தாம் யூனிட்டைத் தொடாதே. நான்கே போதும், 83 மார்க்குக்குக் கேள்வி கையில் இருக்கிறது" என்றார். கணக்கு சரிதான், 100-இல் 17 போனால் 83. கேட்கவும் இனிமையாக இருந்தது. ஆனால் அந்த 83 என்பது நான்கு யூனிட்டிலும் எந்த 'அல்லது' வந்தாலும் முழுமையாக எழுதுபவருக்கு உரிய எண். நான்கு யூனிட்டையும் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கு அது பாதியாகிவிடும். அதோடு விட்ட யூனிட்டிலிருந்தே பார்ட் சி வந்துவிட்டால் இன்னொரு 15-உம் காலி.

ஒரு யூனிட்டின் பெரிய கேள்விகளை விட்டுவிடுவது ஒரு முடிவு. நேரமில்லாதபோது அதை நானும் தவறென்று சொல்ல மாட்டேன். அதன் டூ மார்க்குகளையும் சேர்த்து விட்டுவிடுவதுதான் சோம்பேறித்தனம். இரண்டையும் நாம் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறோம்.

[திரையில்: ஒரு பக்கம் மஞ்சள் ஹைலைட்டர் பூசிய நோட்டு. மறுபக்கம் ஒரு வெள்ளைத்தாள்.]

சரி, எப்படிப் படிப்பது? ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்டது. மாணவர்களில் ஒரு குழு ஒரு பத்தியை நான்கு சுற்றுப் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மூன்று சுற்று பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முந்தினார்கள்: 83 விழுக்காட்டுக்கு எதிராக 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். படித்த குழுவுக்கு நினைவிருந்தது 40 விழுக்காடு, எழுதிப் பார்த்த குழுவுக்கு 61.

இதில் எனக்குச் சுவையானது வேறொன்று. 'உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்?' என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு சொன்னது நான்கு முறை படித்த குழுதான். மீண்டும் மீண்டும் படிக்கும்போது பக்கம் பழகிவிடுகிறது. பழக்கத்தை அறிவு என்று மனம் ஏமாந்துவிடுகிறது. நோட்டைத் திறந்தால் எல்லாம் தெரிந்ததாக இருக்கும். தேர்வறையில் நோட்டு இல்லையே.

ஆகவே பழைய கேள்வித்தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இரண்டு வரும், ஏப்ரல்-மே ஒன்று, நவம்பர்-டிசம்பர் ஒன்று. எந்தக் கேள்வி திரும்ப வரும் என்று சோதிடம் பார்க்க அல்ல. நோட்டை மூடிவைத்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, ஒரு பதிமூன்று மார்க் விடையைத் தாளில் எழுத. எழுதி முடித்த பிறகு நோட்டைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். இரண்டு நாள் கழித்து அதே கேள்வி. முதல் முறை பாதி வராது, எரிச்சல் வரும். அந்த எரிச்சலைத் தவிர்க்கத்தான் நாம் ஹைலைட்டரை எடுக்கிறோம் என்பது என் சொந்தக் கருத்து.

[திரையில்: கடிகாரம். காலை 10 மணி.]

தேர்வறை. மூன்று மணி நேரம், 180 நிமிடம். டூ மார்க் பத்துக்கும் சேர்த்து 30 நிமிடம். பதிமூன்று மார்க் ஒவ்வொன்றுக்கும் 23 நிமிடம், ஐந்துக்கும் 115. பார்ட் சிக்கு 25. கூட்டினால் 170. மீதி 10 நிமிடத்தில் பாதி கேள்வித்தாளைப் படிக்க, பாதி கேள்வி எண்களைச் சரிபார்க்க. எண்ணைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். திருத்துபவருக்கு உங்கள் பெயரோ முகமோ தெரியாது. 12-ஆம் கேள்வியில் (அ)-வை எழுதிவிட்டு (ஆ) என்று போட்டால் அதன் பொருளை அவரே ஊகிக்க வேண்டியிருக்கும்.

23 நிமிடம் முடிந்ததும் விடை பாதியில் நின்றாலும் கொஞ்சம் இடம் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். கை கேட்காது, தெரியும். நன்றாகத் தெரிந்த கேள்வி கிடைத்தால் பேனா நிற்காது. ஆனால் பதிமூன்றில் முதல் ஏழெட்டு மதிப்பெண் சுலபமாக வரும். கடைசி இரண்டுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும். அதே பத்து நிமிடத்தில் தொடாத கேள்வியில் நான்கு மதிப்பெண் காத்திருக்கும்.

கணிதத்தில் இன்னொரு வசதி, விடையை அங்கேயே சோதித்துக்கொள்ளலாம். ஓர் அணிக்கு ஐகன் மதிப்புகள் கண்டுபிடித்தீர்களா? அவற்றைக் கூட்டுங்கள். முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போக வேண்டும். பெருக்கினால் அணிக்கோவையின் மதிப்பு வர வேண்டும். பத்து விநாடி வேலை. ஒத்துப்போகவில்லையென்றால் ஐகன் வெக்டருக்குப் போகாதீர்கள். அதற்குமேல் எழுதுவதெல்லாம் தவறின் மேல் கட்டும் மாடி. வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு என்பதால், அடித்துவிட்டுத் திருத்தும்போதுகூடப் பழைய படிகள் தெரியும்படி ஒரே கோடு போட்டு அடியுங்கள்.

[திரையில்: மீண்டும் அதே விடைத்தாள். பக்கங்கள் மெதுவாகப் புரள்கின்றன.]

இப்போது என் தாளுக்கு வருவோம். முடிவில் கிரேடு மட்டும்தான் தெரியும். எங்கே போனது என்று பார்க்க நகலுக்கு விண்ணப்பித்தேன். எங்கள் கணித ஆசிரியையிடம் கொண்டுபோனபோது அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டாதே. திருத்தியவர் உனக்குத் தாராளமாகவே போட்டிருக்கிறார்" என்றார்.

11-ஆம் கேள்வி, ஏழு பக்கம், 12 மதிப்பெண். அழகான எழுத்து, இரட்டைக் கோடு, பென்சில் பட்டை. அதில் ஐம்பது நிமிடம் போயிருக்கும். 12-ஆம் கேள்வியில் 9. 13-ஆம் கேள்வியில் 6, கையெழுத்து அங்கேயே சாயத் தொடங்குகிறது. 14-ஆம் கேள்வியில் 2. 15-ஆம் கேள்வி வெற்றிடம். டூ மார்க்கில் எட்டு எழுதி 12.

எழுதாத அந்த இரண்டு டூ மார்க், 9-உம் 10-உம், ஐந்தாம் யூனிட். பத்தாவது கேள்வி ஓர் இரட்டைத் தொகையீடு: எக்ஸ் 0-இலிருந்து 2 வரை, ஒய் 0-இலிருந்து 1 வரை, எக்ஸ் பெருக்கல் ஒய். முதலில் எக்ஸ் பகுதி 2, பிறகு ஒய் பகுதி அரை, பெருக்கினால் 1. நான்கு வரி.

"இரண்டும் எழுதியிருந்தால்?" என்று ஆசிரியை கேட்டார்.

நான் விரல் விட்டு எண்ணவில்லை. 41-உம் 4-உம் எவ்வளவு என்று முதல் பருவ மாணவனுக்குக்கூடத் தெரியும்.