பகாங் ஆற்றங்கரையில் செம்பனை இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

1838-ஆம் ஆண்டு. மலாய்த் தீபகற்பத்தின் கிளந்தானில் ஆட்சியுரிமைக்காகச் சண்டை மூண்டிருந்தது; சிங்கப்பூர் வணிகர்களின் சரக்குகள் அங்கே முடங்கிக் கிடந்தன. அவற்றை மீட்கச் சிங்கப்பூரிலிருந்து கடிதங்களுடன் பாய்மரக் கலமேறிப் போனவர்களில் ஒருவர் மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா. வழியில் பகாங்கிலும் திரெங்கானுவிலும் இறங்கி, கண்டதையெல்லாம் மலாய் மொழியில் எழுதி வைத்தார். கடற்கொள்ளையர் அச்சம், ஆயுதமில்லாமல் வெளியே நடக்காத பகாங் ஆண்கள், புதர் மண்டிய வீடுகள், ஆட்சியாளர்மீது தமக்கிருந்த கோபம் என எதையும் அவர் மூடி மறைக்கவில்லை.

அப்துல்லா நமக்கு அந்நியர் அல்லர். ஏமன் நாட்டிலிருந்து வந்து நாகூரில் மணம் முடித்தவர் அவருடைய முப்பாட்டனார். கணக்கு வழக்குக்கு உதவும் என்று மலாக்காவின் வசதியான குடும்பங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்த காலம் அது; தாமும் அப்படிக் கற்றதாக அப்துல்லாவே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இந்தப் பயணக் குறிப்பை மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள எங்கள் பெஸ்தாரி ஜெயாவில், நாங்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், கோயில் மண்டபத்தில் வாசித்து வருகிறோம். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்களும் வருவார்கள், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். பகாங் ஆற்றங்கரையை வரையுங்கள் என்று ஒருநாள் பிள்ளைகளிடம் சொன்னேன். பெரும்பாலோர் வரிசை பிசகாமல் செம்பனை மரங்களை, அதாவது எண்ணெய்ப் பனைகளை, வரைந்தார்கள். ஒரு பெண்பிள்ளை பால்மரம், அதாவது ரப்பர் மரம், வரைந்து அதில் கோப்பையும் கட்டியிருந்தாள்.

பிறந்தது முதல் அதைத்தானே பார்க்கிறார்கள்! நாட்டில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது தொடங்கியது 1917-இல். ரப்பர் கன்றுகள் இந்த மண்ணுக்கு வந்ததே 1877-இல். அப்துல்லாவோ 1854-இல் காலமாகிவிட்டார். அவர் பார்த்த நாடு நம் கண்ணுக்குப் பழகிய நாடு அல்ல. சொற்களால் மட்டும் இதை எவ்வளவு விளக்கினாலும் பிள்ளைகளின் மனத்தில் செம்பனை மறுபடி முளைத்துவிடும். வாசிப்பின்போது சுவரில் காட்ட அந்தக் காலத்து ஓவியங்களைத் தேடிப் போனது இதனால்தான்.

முதலில் கிடைத்தவர் ஜான் டர்ன்புல் தாம்சன். 1838-இல் பினாங்குக்கு வந்த இளைஞர், பிறகு சிங்கப்பூரில் அரசு நில அளவையாளர். அவருக்கு மலாய் கற்பித்தவர் நம் அப்துல்லா! ஆசிரியரின் எழுத்தையும் மாணவரின் ஓவியத்தையும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும் பேறு எத்தனை நூல்களுக்கு வாய்க்கும்? சிங்கப்பூர்க் கடலோரத் திடலை 1851-இல் அவர் வரைந்த ஓவியத்தில் குதிரை வண்டிகளும் பல இனத்து மக்களும் ஒரு மாலைப்பொழுதில் கூடியிருக்கிறார்கள். அப்துல்லா புறப்பட்ட ஊர் இதுதான் என்று சொல்ல ஆசையாக இருக்கும்.

சற்றுப் பொறுங்கள். ஓவியத்தில் தெரியும் செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயத்தைப் பாருங்கள். அதன் மேல் கூரிய கோபுரம் நிற்கிறது. தேவாலயம் கட்டப்பட்டது 1836-இல். கோபுரம் சேர்க்கப்பட்டது 1842-இல். அதை வடிவமைத்தவரும் இதே தாம்சன்தான். அப்துல்லா கப்பலேறிய நாளில் அந்தக் கோபுரம் கிடையாது. படத்தைக் காட்டினோம், கோபுரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள் என்றும் சொன்னோம். மண்டபத்தில் இருந்த எல்லாரும் கையைத் தூக்கினார்கள். படத்தின் தேதியைப் பார்க்கும் பழக்கம் அன்றிலிருந்து பிள்ளைகளுக்குத் தொற்றிக்கொண்டது.

இரண்டாவது, வில்லியம் ஃபார்குவாரின் தொகுப்பு. 1803 முதல் 1818 வரை மலாக்காவில் பொறுப்பிலிருந்த அவர் சீன ஓவியர்களைக் கொண்டு செடி, கனி, விலங்குகளை வரையச் செய்தார். 477 ஓவியங்கள் இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கின்றன. மலாக்காவில் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸிடம் மக்காவ் சீனர் ஒருவர் பழங்களையும் பூக்களையும் உயிருள்ளவை போல வரைந்ததை இளைஞர் அப்துல்லா நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். ராஃபிள்ஸ் சேர்த்தவற்றில் பெரும்பகுதி 1824-இல் கப்பலோடு எரிந்துபோயிற்று. ஃபார்குவாருடையவை தப்பின. வரைந்தவர்களின் பெயர்கள் மட்டும் நமக்கு வந்து சேரவில்லை. இலை நரம்பைக்கூட விடாமல் தீட்டிய கை எவருடையது என்று தெரியாதது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலங்குகள் சில நிற்கும் பாறையும் மலையும் சீன ஓவிய மரபில் வந்தவை. விலங்கை நம்பலாம், பின்னணியைக் கொண்டு மலாக்காவைக் கற்பனை செய்யக்கூடாது.

கிளந்தான் பகுதிக்கு அந்தப் பயணக் காலத்துப் படம் எதுவும் என் கைக்கு எட்டவில்லை. பிற்காலப் புகைப்படங்கள் ஏராளம், அழகானவையும்கூட. அவற்றை அங்கே ஒட்ட நான் இசையமாட்டேன். வாசிப்பு அந்த இடத்துக்கு வந்ததும் புரொஜெக்டரை அணைத்துவிட்டு வரைபடத்தை மட்டும் விரிக்கிறோம். மற்றப் படங்கள் ஒவ்வொன்றின் கீழும் வரைந்தவர், ஆண்டு, அவர் அந்த இடத்தை நேரில் கண்டாரா என்ற மூன்றையும் பிள்ளைகளே எழுதி ஒட்டுகிறார்கள். ஃபார்குவார் படங்களின் கீழே, பெயர் வர வேண்டிய இடத்தில், ‘மலாக்காவின் சீன ஓவியர்’ என்று எழுதுகிறார்கள்.

நன்றி, வணக்கம்.