டிவோர்ஸா, தாபரிப்பா? சட்டத்தரணியிடம் போக முன்

[காட்சி: கிளிநொச்சி, ஏ9 வீதியோரம் ஒரு சட்டத்தரணியின் அறை. மேசையில் ஒரு சொப்பிங் பை.]

வணக்கம். முதலில் இந்தப் பையைப் பாருங்கள். பைக்குள் இன்னொரு பை. அதற்குள் பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, மடிப்பில் கிழிந்துபோன காணிப் பெர்மிட் (அரச காணிக்குக் கிடைத்த அனுமதிப்பத்திரம்). 2009இல் போர் முடிந்து இவ்வளவு காலமாகியும், வன்னியில் பல வீடுகளில் ஆவணங்கள் ஓடுவதற்கு ஆயத்தமாகத்தான் இருக்கின்றன. இப்படி ஒரு பையோடு ஒரு அக்கா வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"டிவோர்ஸ் எடுத்துத் தாங்கோ மிஸ்."

"என்ன பிரச்சினை அம்மா?"

"அவர் போய் எட்டு மாதம். ஒரு சதமும் அனுப்பேல்லை. மூத்தவளுக்குச் சப்பாத்து வாங்கவும் வழியில்லை."

அக்கா வாயால் கேட்டது விவாகரத்து. அவசரமாக வேண்டியது தாபரிப்பு, அதாவது பிள்ளையையும் மனைவியையும் பராமரிக்கக் கட்ட வேண்டிய மாதக் காசு. விவாகரத்துக்கு மாவட்ட நீதிமன்றம், தாபரிப்புக்கு நீதவான் நீதிமன்றம். விவாகரத்து எடுத்தால்தான் பிள்ளைக்குக் காசு கிடைக்கும் என்று நினைத்து வருடக்கணக்கில் பேசாமல் இருப்பவர்கள் நிறையப் பேர்.

[காட்சி: நீதிமன்ற வாசல்]

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. நீங்கள் வசிக்கும் இடத்து நீதவான் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். 'கோயிலில் தாலி கட்டினது, பதியேல்லை' என்கிறீர்களா? பிள்ளையின் தாபரிப்புக்கு அது தடையே இல்லை. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் கொடுத்தாக வேண்டும். மனைவி தனக்கென்று கேட்டால்தான் திருமணம் நடந்ததைக் காட்ட வேண்டிவரும். அங்கேயும் தாலி, கூறை, ஐயர், வந்திருந்த சனம் எல்லாம் சாட்சியாகலாம். பதினெட்டு தாண்டிய பிள்ளையும் தன்னைப் பார்த்துக்கொள்ள வழியில்லாவிட்டால் 25 வயது வரை கேட்க முடியும்.

கட்டளை வந்த பிறகும் அவர் கட்டாவிட்டால்? சம்பளக்காரர் என்றால் சம்பளத்தில் கழிக்கச் சொல்லலாம். கட்டாமல் விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையும் இருக்கிறது.

அடி, மிரட்டல் என்றால் 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். அதுவும் நீதவானிடம்தான். முதலில் 14 நாள் இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. உடனே யாரோடாவது பேச 1938 என்ற பெண்களுக்கான தொலைபேசி இலக்கம்.

சரி, விவாகரத்துக்கு வருவோம். எமது பொதுச் சட்டத்தில் காரணம் மூன்றே மூன்று: வேறு உறவு, கெட்ட நோக்கத்தோடு கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. (முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம், அது தனிக் கதை.) இருவரும் ஒத்துக்கொண்டால் போதும் என்பது பொதுச் சட்டத்தில் இல்லை. பொலிஸில் 'இனிச் சேர்ந்து வாழமாட்டோம்' என்று எழுதிக் கையொப்பம் வைத்ததை விவாகரத்து என்று நம்பி மறுமணம் முடித்தவர்களும் இருக்கிறார்கள். பாவம், அந்தக் கடதாசிக்கு அந்தப் பெறுமதி இல்லை. நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னாலும் அது முடிவானதாக மூன்று மாதம் போகும். அதற்குள் அவசரப்பட்டு மறுமணம் வேண்டாம்.

காணியில்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள். தேசவழமைக்கு (வடக்குத் தமிழரின் மரபுச் சட்டத்துக்கு) உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்கவும் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம்! புருஷன் கைவிட்டுப் போயிருந்தால் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம். பெர்மிட் காணிக்கு இந்த வழி சரிவராது. பெர்மிட்டை அப்படியே சட்டத்தரணியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

[காட்சி: மீண்டும் மேசை]

ஊரில் வயதானவர்கள் இன்னும் 'பிரக்கிராசி', 'அப்புக்காத்து' என்பார்கள். முன்பு சட்டத்தரணிகள் அப்படி இரண்டு வகையாக இருந்தார்கள். அந்தப் பிரிவு 1970களிலேயே போய்விட்டது, இப்போது எல்லோரும் சட்டத்தரணிதான். காசு கட்ட வழியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள். தொலைந்த விவாகப் பதிவின் பிரதியையும் பிரதேச செயலகத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

மாவட்ட நீதிமன்ற வழக்கென்றால் சட்டத்தரணி 'பிரொக்சி' என்று ஒரு தாளில் கையொப்பம் கேட்பார். உங்களுக்காக அவர் நடவடிக்கை எடுக்க நீங்கள் கொடுக்கும் அதிகாரம் அது. வாசித்துக் காட்டச் சொல்லி, பிறகு வையுங்கள். பையைக் கட்ட முன் வழக்கிலக்கத்தையும் அடுத்த தவணைத் திகதியையும் ஒரு துண்டில் எழுதி வாங்கி, அதையும் உள்ளே போட்டுக்கொள்ளுங்கள்.