கட்டம் வளைஞ்சா அது அழகா? ரெய் கவாகுபோவும் எங்க ஊரு லுங்கியும்

(திரையில்: தறியில ஓடிகினு இருக்கிற நீலக் கட்டம், ரொம்ப கிட்ட)

இந்தத் துணிய கொஞ்சம் உத்துப் பாருங்க. இது குடியாத்தம், எங்க வீட்டு தறி, எங்க நைனா நெய்யிற லுங்கி. கட்டம் போடுறதுன்னா ஊடைய, அதாவது குறுக்க ஓடுற நூல, மனசுக்குள்ள எண்ணிகினே இருக்கணும், ஒரு கலர் முடிஞ்ச உடனே அந்த நூல கொண்டு போற நாடாவ மாத்தணும், நடுவுல யாராச்சும் வந்து பேச்சு குடுத்தா எண்ணிக்கை போச்சு, நாலு இழை கூட விழுந்தா சதுரமா இருக்க வேண்டிய கட்டம் நீட்டமா நிக்கும். நான் ஒன்பதாவது படிக்கும்போது பரீட்சை மார்க்கு சொல்ல ஓடியாந்து பேச்சு குடுத்தது நான்தான். ஒரு வரிசை கட்டம் கோணிகிச்சு. பாவு, அதாவது தறியில நீட்டமா கட்டுற நூல, குடுத்த முதலாளி டேமேஜ்னு சொல்லி கூலியில புடிச்சுகினு அந்த லுங்கிய எங்க கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாரு.

அப்படி வளந்தவ நான். கோணல்னா நஷ்டம், அவ்ளோதான் எனக்குத் தெரியும். அதனாலதான் ஜப்பான் டிசைனர் ரெய் கவாகுபோவோட 1997 டிரஸ்ஸ மொத மொத பாத்தப்ப எனக்கு திக்குன்னு ஆச்சு.

யாரு இவங்கன்னு வேகமா சொல்லிடுறேன். 1942ல டோக்கியோல பொறந்தவங்க, ஃபேஷன் காலேஜ் பக்கமே போகல, ஒரு துணி கம்பெனியோட விளம்பரப் பிரிவுல வேலை பாத்தாங்க, 1969ல கோம் தே கார்சோன்ங்கிற பேருல சொந்தமா துணி பண்ண ஆரம்பிச்சாங்க. 1981ல பாரிஸ்ல ஷோ. அடுத்த வருஷம் அந்த ஓட்டை ஸ்வெட்டர்! கறுப்பு கம்பளி, அங்கங்க பெரிய பெரிய ஓட்டை, பூச்சி தின்ன மாதிரி. கிழிசல விக்கிறாங்கன்னு ஊரே பேசிச்சு. அவங்க சொன்னது வேற, இதுவும் ஒருவகை லேஸ்தான்னு சொன்னாங்க. நெய்யிற மெஷின்ல அங்க இங்க ஸ்குரூவ லூஸ் பண்ணி விடுவாங்களாம், மெஷின் தான் பழகின மாதிரி சரியா ஓடிடக் கூடாதுன்னு.

இத கேட்ட உடனே எங்க நைனா, "இன்னாடி இது, நாங்க இறுக்குறதுக்கு சாவுறோம், அந்தம்மா லூஸ் பண்ணுதா"ன்னாரு. ஆனா எனக்கு இதுலதான் விஷயமே இருக்குன்னு தோணுது. புதுசா ஒண்ணு வேணும்னா தலைக்குள்ள உக்காந்து யோசிச்சா வராது, ஏன்னா நம்ம கையும் கண்ணும் ஏற்கனவே பழகினதத்தான் திரும்பத் திரும்ப கொண்டாரும். அதனால அவங்க பழக்கத்தையே கெடுக்குறாங்க. அவங்க படம் வரைஞ்சு குடுக்க மாட்டாங்க. பேட்டர்ன் வெட்டுறவங்க கிட்ட ஒரு கசக்கின பேப்பர குடுத்து, இது மாதிரி ஒண்ணு பண்ணுங்கன்னு விட்டுருவாங்க. ஒருதரம் தலகாணி உறைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்புறோம் இல்லையா, பாதி திருப்பும்போது ஒரு நிலை இருக்குமே, அந்த குணத்துல ஒரு கோட்டு வேணும்னு கேட்டாங்க. இத கேட்டவங்களுக்கு பாக்கறதுக்கு முன்மாதிரியே கெடையாது, தேடித்தான் ஆகணும்.

(திரையில்: கட்டம் போட்ட கவுன், முதுகுல பெரிய புடைப்பு)

இப்ப 1997 டிரஸ். கலெக்‌ஷன் பேரு "உடல் உடையைச் சந்திக்கிறது, உடை உடலைச் சந்திக்கிறது"ங்கிற அர்த்தத்துல வரும். இழுத்தா நீளுற துணி, உள்ள பறவை இறகு அடைச்ச மூட்டை, தோள்ல, இடுப்புல, முதுகுல. இடுப்ப ஒல்லியா காட்டுறதுக்குத்தான் டிரஸ்ஸுன்னு எல்லாரும் நெனச்சுகினு இருக்க, இவங்க கூன் மாதிரி, கட்டி மாதிரி ஒண்ண வெச்சாங்க. சில பத்திரிகைங்க மூட்டைய எடுத்துட்டு டிரஸ்ஸ மட்டும் படம் புடிச்சு போட்டுச்சு. அது எனக்கு ரொம்ப வருத்தம், ஏன்னா அந்த மூட்டைதான் அவங்க பேச்சே. அதே வருஷம் அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் தன்னோட நடனக்காரங்களுக்கு இந்த உடைய போட்டு ஆட விட்டாரு, கைய தூக்கினா, திரும்பினா, ஆளோட உருவம் எங்க முடியுதுன்னே தெரியாது.

ஆனா நான் நெசவு வீட்டுப் பொண்ணு, என் கண்ணு போனது கட்டத்து மேல. அதுல பல டிரஸ்ஸு சின்ன கட்டம் போட்ட துணி. ஏன் கட்டம்? பிளெயின் துணியில புடைப்பு வெறும் புடைப்பாதான் தெரியும். கட்டத்துல ஒவ்வொரு கோடும் வளையறது தெரியும், மூட்டை மேல கட்டம் பெருசாகுது, ஓரத்துல சுருங்குது, மூச்சு விடுற மாதிரி. எங்க ஊர்ல தப்ப கண்டுபிடிக்கிறதுக்கு உதவுற அதே கட்டம்தான் அங்க அழக காட்டுது. அவங்க இத யோசிச்சு பண்ணாங்களோ என்னமோ, நான் பாத்தது இது.

உடம்புன்னா இப்படித்தான் இருக்கணும்னு நாம நெனைக்கிறோம் இல்ல, ஆனா வைகாசி ஒண்ணாந்தேதி எங்க ஊருக்கு வந்து பாருங்க. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ரேணுகாதேவி தலை வேற ஒரு பொண்ணோட உடம்புல சேந்த கதை, சிரச ஊர்வலமா தூக்கிட்டு வந்து கோயில்ல உடம்பு மேல பொருத்துவாங்க. ஒட்டாத ரெண்டு ஒண்ணா நிக்கிறத பாத்து அத்தனை ஜனமும் கை எடுத்து கும்பிடுது, எங்க பாட்டி அழுதுடுவாங்க. அழகுன்னு நான் சொல்றது அந்த மாதிரி ஒண்ணத்தான்.

2017ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் கவாகுபோவுக்கு தனி கண்காட்சி வெச்சுது. அங்க உயிரோட இருக்கிற டிசைனருக்கு அப்படி நடந்தது அதுக்கு முன்னாடி 1983ல பிரெஞ்சு டிசைனர் ஈவ் சான் லோராங்குக்குத்தான்.

நைனா கிட்ட அந்த கட்டம் போட்ட டிரஸ்ஸு படத்த போன்ல காட்டினேன். நல்லாருக்கு இல்லன்னு ஒண்ணும் சொல்லல. ரெண்டு விரல்ல பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்துகினே இருந்தாரு. "இத தறியிலயே வளைச்சு நெய்ய முடியுமா?"ன்னு மட்டும் கேட்டாரு.

அந்த டேமேஜ் லுங்கி இன்னும் எங்க வீட்லதான் கெடக்கு. பாட்டி அத தலகாணி உறையா தச்சு இலவம்பஞ்சு அடைச்சு வெச்சிருக்காங்க.

(திரையில்: தலகாணி, நடுவுல நீட்டக் கட்டம் புடைச்சு நிக்குது)

இதுதான் அது.