பீச்சி தீவு: ஆளில்லாத ஊரில் மூன்று கல்லறைகள்

[திரையில்: கனடாவின் வடகோடி வரைபடம். டெவன் தீவு மெல்லப் பெரிதாகிறது.]

உலகத்தில் ஆள் குடியிருக்காத தீவுகளில் மிகப் பெரியது டெவன். சுமார் 55,000 சதுர கிலோமீட்டர். அதன் தென்மேற்கு மூலையில் ஒரு சரளைக்கல் திட்டால் ஒட்டிக்கொண்டு கிடக்கிற பொடித் தீவுதான் பீச்சி. கனடாவின் நுனாவுட் பகுதியைச் சேர்ந்தது. பக்கத்தில் மனிதர் வாழும் ஊர் என்றால் ரெசொல்யூட். அதற்கே கடலில் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் போக வேண்டும்.

மரம் கிடையாது, புதர் கிடையாது. பார்த்த இடமெல்லாம் சாம்பல் நிறச் சரளை, பின்னால் செங்குத்தான பாறை. இதைப் பார்க்கவா இவ்வளவு செலவு செய்து போகிறார்கள் என்று கேட்டால், இல்லை. போகிறவர்கள் பார்க்கப் போவது கல்லறைகளை.

[திரையில்: கரையோரம் வரிசையாக நிற்கும் பலகைகள்.]

1845 மே மாதம் சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் எரெபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து கிளம்பின. அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்கு வடக்கு வழியாகப் பாதை கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் வேலை. மூன்று ஆண்டுக்குச் சாப்பாடு ஏற்றிக்கொண்டு ஆர்க்டிக்குக்குள் நுழைந்த 129 பேரில் ஒருவர்கூட வீடு திரும்பவில்லை. அவர்கள் முதல் குளிர்காலத்தைக் கழித்தது பீச்சியில்.

ஜான் டோரிங்டன், வயது 20, இறந்தது 1846 ஜனவரி 1. மூன்றே நாளில் ஜான் ஹார்ட்னெல். ஏப்ரல் 3-ல் வில்லியம் பிரெய்ன். ஜனவரியில் இங்கே சூரியனே உதிக்காது; நவம்பர் தொடக்கத்தில் மறைந்தால் பிப்ரவரியில்தான் தலைகாட்டும். அந்த இருட்டில், இரும்பாய் இறுகிய மண்ணை டோரிங்டனுக்காக ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆழம் வெட்டியிருக்கிறார்கள். அவசரத்துக்குப் புதைத்துவிட்டுப் போன வேலை இல்லை இது.

ஹார்ட்னெல்லின் பலகையில் பைபிள் வசனம் ஒன்று: "உங்கள் வழிகளைச் சிந்தித்துப்பாருங்கள்." செத்தவனுக்கு இப்படி ஒரு வசனமா, கப்பலில் ஏதோ கலகம் நடந்திருக்கும் என்று பிற்காலத்தில் கதை கட்டினார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வசனம் கடுமையாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை.

இந்தப் பலகைகளால் இன்னொரு கணக்கும் நேரானது. குழுவினர் பின்னாளில் எழுதி வைத்த ஒரு குறிப்பு 1859-ல் கிடைத்தது. அதில் பீச்சியில் தங்கிய குளிர்காலம் 1846-47 என்று தவறாக எழுதியிருந்தது. கல்லறையில் இருக்கிற தேதியோ 1846 ஜனவரி. ஆக, தங்கியது 1845-46. அப்புறம் என்ன, காகிதத்தை விட்டுவிட்டுப் பலகையை நம்ப வேண்டியதுதான்.

[திரையில்: துருப்பிடித்த டின்கள், மிக அருகில்.]

1850-ல் தேடி வந்தவர்கள் இங்கே நூற்றுக்கணக்கான காலி உணவு டின்களைக் கண்டார்கள். உள்ளே சரளைக்கல் நிரப்பி அடுக்கியிருந்தது. கற்களைக் குவித்த அடையாளக் கும்பமும் இருந்தது. பிரித்துப் பார்த்தார்கள், அடியில் தோண்டினார்கள். ஒரு துண்டுக் கடிதம் இல்லை. எந்தத் திசையில் போகிறோம் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் தேடல் வேறு மாதிரி நடந்திருக்கும்.

1984-லும் 1986-லும் கனடிய மானுடவியலாளர் ஓவன் பீட்டி இந்தக் கல்லறைகளைத் திறந்தார். உறைமண்ணுக்குள் உடல்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. வெந்நீர் ஊற்றிப் பனியைக் கரைத்துத்தான் எடுக்க முடிந்தது. டோரிங்டனின் எடை நாற்பது கிலோவைத் தொடவில்லை. உடல்களில் ஈயம் அதிகம் இருந்ததால், டின்களைப் பற்றவைத்த ஈயமே எமன் என்று செய்தி பரவியது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் பலருடைய உடம்பிலும் ஈயம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிந்தைய ஆய்வுகள் ஈயத்தின் மேல் மட்டும் பழி போடவில்லை. காசநோய், சத்துக்குறைவு எல்லாம் கணக்கில் வருகின்றன.

[திரையில்: ரப்பர் படகு கரையை நெருங்குகிறது.]

சரி, போவது எப்படி? ரெசொல்யூட் வரை விமானம் உண்டு. பெரும்பாலானவர்கள் சிறிய பயணக் கப்பலில்தான் வருகிறார்கள். கடல் திறந்திருப்பது ஆகஸ்ட், செப்டம்பர் தொடக்கம், அவ்வளவுதான். கப்பல் தள்ளி நிற்கும். ரப்பர் படகில் கரைக்கு வர வேண்டும். முதலில் இறங்குவது துப்பாக்கியுடன் காவலர்கள். பனிக்கரடி இல்லை என்று அவர்கள் உறுதி செய்த பிறகுதான் நம் முறை. கரடி தென்பட்டால் அன்றைக்கு இறங்கும் பேச்சே இல்லை, எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும்.

இறங்கியதும் எல்லாரும் கல்லறைக்கு ஓடுவார்கள். இப்போது நிற்கும் பலகைகள் நகல்கள். அசல் பலகைகளை அங்கிருந்து எடுத்துப் பாதுகாப்பாக வைத்துவிட்டார்கள். பக்கத்தில் நான்காவதாக ஒரு கல்லறை: தாமஸ் மார்கன், 1854. இவர் ஃபிராங்க்ளின் குழு இல்லை, தேடி வந்த கூட்டத்தைச் சேர்ந்தவர். பலர் இதைக் கவனிக்காமலே படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

நேரம் கிடைத்தால் கரையோரமாக நார்தம்பர்லண்ட் ஹவுஸ் வரை நடந்துவிடுங்கள். ஃபிராங்க்ளின் ஒருவேளை திரும்பி வந்தால் உதவட்டும் என்று, தேடி வந்த நார்த் ஸ்டார் கப்பல்காரர்கள் கட்டிய கிடங்கு அது. சாய்ந்த சில மரத்தூண்கள், பீப்பாய்ப் பட்டைகள், டின்கள் மிச்சம் இருக்கின்றன. என்னைக் கேட்டால் கல்லறையைவிட இதுதான் மனதைப் பிசைகிறது. வராதவர்களுக்காக அடுக்கி வைத்த சாப்பாடு அல்லவா!

அந்தத் துருப்பிடித்த டின்னை ஆசைக்குக்கூடத் தொடக் கூடாது. பீச்சி கனடாவின் தேசிய வரலாற்றுத் தலம். ஒரு ஆணியை எடுத்துப் பையில் போட்டாலும் குற்றம். பாசி படர்ந்த இடத்தில் கால் வைக்காதீர்கள். இந்தக் குளிரில் அது மறுபடி வளர வெகுகாலம் ஆகும்.

முன்பதிவு செய்யும்முன் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: பனி அடைத்துக்கொண்டால் கப்பல் வேறு எங்கே போகும்? பீச்சி பட்டியலில் இருக்கிறது என்பதற்காகப் பீச்சியில் இறங்குவோம் என்று அர்த்தமில்லை. மாற்று இடங்களும் உங்களுக்குப் பிடித்திருந்தால் மட்டும் பணத்தைக் கட்டுங்கள்.